நூலகக் கணினியும் சில விதிகளும்

நியூ ஜெர்சி மாநிலத்தில் நாங்கள் வாழும் சிற்றூரின் பொது நூலகத்தில், கணினி வைத்திருக்கும் மேசை ஒவ்வொன்றிலும் ஒரு விதிப்பட்டியல் ஒட்டப்பட்டிருக்கும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 1 மணி நேரம். காத்திருப்போர் இல்லையெனில் மேலும் அரை மணி நேரம் நீட்டித்துக்கொள்ளலாம். நூலக அட்டை உள்ளவர்கள் அட்டை எண்ணைக் கொண்டு நுழையலாம்; இல்லாதவர்கள் உதவி மேசையில் விருந்தினர் சீட்டு ஒன்றைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அச்செடுக்கப் பக்கத்துக்கு 10 சென்ட். பாட்டுக் கேட்பதானால் ஹெட்போன் அவசியம். மென்பொருள் எதையும் நிறுவக் கூடாது. உணவும் பானமும் கூடாது. நேரம் முடிந்ததும் கணினி தானாகவே மறுதொடக்கம் ஆகும். சேமிக்காத எதுவும் மீளாது.

இத்தகைய பட்டியல்களை யாரும் ஊன்றிப் படிப்பதில்லை. நாங்களும் படித்ததில்லை. 2006ஆம் ஆண்டுக் கோடை வரை அது எங்களுக்கு மேசையின் ஒரு பகுதி, அவ்வளவுதான். அந்தக் கோடையில் அப்பா வந்தார்.

எங்களில் ஒருவருக்கு அவர் தந்தை, மற்றவருக்கு மாமனார். எழுதும் வசதிக்காக இங்கே அப்பா என்றே குறிப்பிடுகிறோம். மன்னார்குடிக்கு அருகில் ஒரு துணை அஞ்சலகத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு மாதத் தங்கலுக்காக வந்திருந்தார். நாங்கள் இருவரும் காலை எட்டு மணிக்குள் வேலைக்குக் கிளம்பிவிடுவோம். அதற்குப் பின் அந்த வீட்டில் அவரும் குளிர்சாதனப் பெட்டியின் ஓசையும் மட்டுமே. மூன்றாம் நாளே, நடந்து போகும் தொலைவில் நூலகம் இருப்பதைத் தாமாகக் கண்டுபிடித்துவிட்டார். அமெரிக்கப் புறநகர்களில் நடந்து போகும் தொலைவில் ஏதேனும் ஒன்று இருப்பதே அபூர்வம். அதுவும் நூலகமாக வாய்த்தது அவருடைய நல்லூழ்.

உள்ளூர் முகவரிக்கான சான்று இல்லாததால் அவருக்கு அட்டை கிடைக்கவில்லை. நாள்தோறும் பத்து மணிக்குப் போய் விருந்தினர் சீட்டு வாங்கிக்கொள்வார். பெயர் இருக்காது, ஓர் எண் மட்டும் அச்சிட்ட, பேருந்துப் பயணச்சீட்டைப் போன்ற சிறு துண்டு அது. அதை அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட விதத்தில் ஒரு பெருமிதம் இருந்தது.

* * *

முதற் சிக்கல் தமிழால் வந்தது. அந்த நாட்களில் இணையத்தில் தமிழ் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். ஒவ்வொரு நாளிதழும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. அதை இறக்கி நிறுவாவிட்டால் தலைப்புச் செய்தி முழுவதும் ஐரோப்பிய உச்சரிப்புக் குறிகளின் குவியலாகத் தெரியும். ஒருங்குறியில் எழுதப்பட்ட வலைப்பதிவுகளுக்கோ வேறு தொல்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் இந்திய மொழிகளுக்குரிய கோப்புகளைக் குறுந்தகட்டிலிருந்து தனியாக நிறுவ வேண்டும். இல்லையெனில் வெறும் கட்டங்கள். வீட்டில் எ-கலப்பையை நிறுவித் தட்டச்சுச் செய்து பழகியிருந்த அப்பாவுக்கு, நூலகக் கணினியில் தமிழ் கட்டங்கட்டமாகத் தெரிந்ததும் மனம் தாளவில்லை. எழுத்துருவை நிறுவ முயன்றார். அனுமதி இல்லை என்று திரையில் ஒரு பெட்டி எழுந்து நின்றது. மென்பொருள் எதையும் நிறுவக் கூடாது என்ற விதியின் பொருள் அப்போதுதான் அவருக்குப் புலப்பட்டது.

உதவி மேசையில் இருந்த நூலகரிடம் போய்த் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கியிருக்கிறார். பயனர்கள் எதையும் நிறுவ இயலாதுதான். ஆனால் நூலகம் நிறுவலாமே என்று அந்த அம்மையார் சொல்லியிருக்கிறார். அப்பாவிடம் மொழியின் பெயரையும் எழுத்துருக்களின் முகவரியையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். இரண்டு வாரங்களுக்குப் பின், சன்னலோரக் கணினி ஒன்றில் தமிழ் தெரியத் தொடங்கியது. அன்று மாலை அப்பா அதைச் சொன்னபோது, எங்கள் ஊர் நூலகத்தைப் பற்றி நாங்கள் முதன்முறையாகப் பெருமைப்பட்டோம்.

இரண்டாம் சிக்கலுக்கு அப்படித் தீர்வு கிடைக்கவில்லை. ஊரில் இருந்த நண்பர் ஒருவருக்கு நீண்ட மடல் ஒன்றை ஒரு மணி நேரம் பாடுபட்டுத் தட்டச்சுச் செய்திருக்கிறார். ஐந்து நிமிடம் இருக்கிறது என்ற எச்சரிக்கை ஆங்கிலத்தில் மூலையில் தோன்றி மறைந்ததை அவர் கவனிக்கவில்லை. திரை கறுத்தது. கணினி மறுபடி உயிர் பெற்றபோது மடல் இல்லை. தேடித் தரும்படி கேட்டிருக்கிறார். இயலாது என்று சொல்லிவிட்டார்கள். அங்கே நிறுவப்பட்டிருந்த டீப் ஃப்ரீஸ் என்னும் மென்பொருள், ஒவ்வொரு முறை கணினி மறுதொடக்கம் ஆகும்போதும் முன்பிருந்த நிலைக்கே அதைத் திருப்பிவிடும். இடையில் எழுதியது, பார்த்தது, இறக்கியது எதுவும் எஞ்சாது.

"நாப்பது வருஷம் போஸ்ட் ஆபீஸ்ல இருந்தேன். ஒரு லெட்டர் இப்படி இல்லாமப் போனதில்ல" என்று அப்பா அன்றிரவு முழுவதும் அரற்றிக்கொண்டிருந்தார். நாங்களும் அவருடன் சேர்ந்து அந்த விதியை நொந்துகொண்டோம்.

* * *

ஆகஸ்டு மாதத்தில் அவரிடம் ஒரு மாற்றம் தென்பட்டது. உணவு குறைந்தது. இரவில் பலமுறை எழுந்தார். கேட்டால், ஊர் மாறியதால் உறக்கம் பிடிக்கவில்லை என்றார். ஒரு நாள் துணி துவைக்கும்போது அவருடைய சட்டைப் பையில் விருந்தினர் சீட்டுடன் அச்செடுத்ததற்கான இரசீதும் கிடைத்தது. ஏழு பக்கங்கள், 70 சென்ட். அந்த வாரத்திலேயே இன்னோர் இரசீதும் கிடைத்தது. ஆனால் அச்செடுத்த தாள் ஒன்றுகூட வீட்டில் இல்லை. நாளிதழ்ச் செய்திகளை அச்செடுத்தால் எங்களுக்கும் படிக்கத் தருவது அவர் வழக்கம்.

நாங்கள் செய்ததை இப்போது எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வீட்டுக் கணினியில் அவர் எந்தெந்தப் பக்கங்களைப் பார்த்தார் என்று உலாவியின் வரலாற்றைத் திறந்து பார்த்தோம். நாளிதழ்களும் நாட்காட்டியுமே இருந்தன. அடுத்த சனிக்கிழமை, அவர் உறங்கிக்கொண்டிருந்த பிற்பகலில், இருவரும் நூலகத்துக்குப் போனோம்.

எழுத்துரு நிறுவித் தந்த அதே நூலகர்தான் இருந்தார். அப்பாவின் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தார். அவர் கணினியில் என்ன படிக்கிறார், என்ன அச்செடுக்கிறார் என்று தெரிய வேண்டும் என்றோம். மலர்ச்சி மாறவில்லை, ஆனால் பதில் வேறாக இருந்தது. அப்படி எதையும் நூலகம் வைத்திருப்பதில்லை. ஒருவர் எழுந்ததும் கணினி எல்லாவற்றையும் அழித்துவிடும். விருந்தினர் எண்களின் பட்டியலும் அன்றன்று மாலையே கிழிக்கப்படும்.

அவர் எங்கள் தந்தை, உடல்நலம் குறித்து அஞ்சுகிறோம் என்றோம். புரிகிறது என்றார் அவர். வைத்திருந்தாலும் தர மாட்டோம் என்று தொடர்ந்து சொன்னார். பின்னர், சற்றே குரலைத் தாழ்த்தி, "அவர் உங்கள் வீட்டில்தானே இருக்கிறார்? அவரிடமே கேளுங்களேன்" என்றார்.

எங்களுக்குக் கடுஞ்சினம் வந்தது. இந்த நூலகம் எங்கள் வரிப்பணத்தில் நடப்பது. கடவுச்சீட்டு முதல் காப்பீடு வரை அப்பாவின் தாள்கள் எல்லாமே எங்கள் பொறுப்பில் இருந்தன. அவர் எதைப் படித்தார் என்று அறியும் உரிமை எங்களுக்கு இல்லை என்று சொல்ல இவர் யார்? வீடு திரும்பும் வழியெல்லாம் இதையே பேசிக்கொண்டு வந்தோம். மேசையில் ஒட்டிய விதிகளுள் இப்படி ஒன்று இல்லையே என்றும் வாதாடினோம்.

* * *

விதி இருந்தது. அது எங்களுக்காக எழுதப்பட்டதன்று என்பதால் மேசையில் ஒட்டப்படவில்லை. நூலகப் பயனரை அடையாளம் காட்டும் பதிவுகள் மறைவானவை என்று நியூ ஜெர்சி மாநிலச் சட்டமே சொல்கிறது. அந்தப் பயனரே கேட்க வேண்டும், அல்லது நீதிமன்றம் ஆணையிட வேண்டும், அல்லது நூலகத்தின் அன்றாடப் பணிக்கு அது தேவைப்பட வேண்டும். மகனோ மருமகளோ கேட்பது இவற்றுள் எதிலும் அடங்காது. வாசகர்களைப் பற்றி அறிய நேர்வதை மறைவாகக் காப்பது நூலகரின் கடமை என்று அமெரிக்க நூலகச் சங்கம் 1939ஆம் ஆண்டிலேயே தன் அறநெறிகளில் எழுதிவைத்திருக்கிறது. கணினி நூலகத்துக்குள் நுழைவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே.

அதே 2006ஆம் ஆண்டில் கனெக்டிகட் மாநிலத்தின் நூலகர்கள் நால்வரைப் பற்றிய செய்தி வெளிவந்திருந்தது. முந்தைய ஆண்டு ஜூலையில், பல நூலகங்களின் கணினிகளைப் பொதுவில் நிர்வகித்த அமைப்பு ஒன்றுக்கு எஃப்.பி.ஐ. முகவர்கள் ஒரு கடிதம் கொண்டுவந்தார்கள். 2005 பிப்ரவரி 15 அன்று, குறிப்பிட்ட ஓர் இணைய முகவரியை 45 நிமிட இடைவெளியில் பயன்படுத்தியவர் யார் என்னும் விவரம் வேண்டும் என்றது கடிதம். நீதிபதியின் கையொப்பம் அதில் இல்லை. கடிதம் வந்ததை யாரிடமும் சொல்லக் கூடாது என்ற தடையும் உண்டு. நால்வரும் தரமறுத்து, பெயர் வெளியிடாமல் வழக்குத் தொடுத்தார்கள். அமெரிக்கத் தேசப்பற்றுச் சட்டத்தைப் புதுப்பிப்பது பற்றி நாடே விவாதித்துக்கொண்டிருந்த மாதங்களில், அந்தச் சட்டத்தின் கைநீளத்தை நேரில் கண்ட இவர்கள் மட்டும் வாய்திறக்க முடியாமல் இருந்தார்கள். 2006 மார்ச்சில் சட்டம் புதுப்பிக்கப்பட்டது. அதன் பிறகே அரசு வாய்ப்பூட்டைக் கைவிட்டது; சில வாரங்களில் கடிதத்தையும் திரும்பப் பெற்றது.

இந்தச் செய்தியைப் படித்தபோது அந்நால்வரையும் வாயாரப் பாராட்டியவர்கள் நாங்கள். எஃப்.பி.ஐ. கேட்டால் மறுப்பது வீரம், நாங்கள் கேட்டால் மறுப்பது ஆணவம் என்று இரண்டு அளவுகோல்களைக் கையில் வைத்திருந்திருக்கிறோம். இது உறைக்க இரண்டு நாட்கள் ஆயின. மூன்றாம் நாள் இரவு, சாப்பாட்டுக்குப் பின், அப்பாவிடமே கேட்டோம்.

அவர் மறைக்கவில்லை. கேட்பதற்காகவே காத்திருந்தவரைப் போலச் சொன்னார். புறப்படுவதற்கு முன் ஊரில் இரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார். பி.எஸ்.ஏ. அளவு கூடுதலாக இருந்திருக்கிறது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். இங்கு வந்தபின் சிறுநீரில் இரத்தம் கண்டிருக்கிறது. நாங்கள் அவருக்கு எடுத்திருந்த பயணக் காப்பீடு, ஏற்கெனவே இருந்த நோய்களுக்குப் பொருந்தாது. அந்த வரியையும் நூலகத்தில் உட்கார்ந்துதான் படித்திருக்கிறார். தம்முடைய மருத்துவச் செலவு எங்கள் தலையில் விழுந்து, வீட்டுக் கடனோடு சேர்ந்துகொள்ளும் என்று கணக்கிட்டிருக்கிறார். ஊர் திரும்பும் வரை யாருக்கும் சொல்வதில்லை என்பது அவர் முடிவு. அச்செடுத்த தாள்களை நூலகத்திலேயே படித்து, அங்கிருந்த கிழிக்கும் எந்திரத்தில் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

வீட்டுக் கணினியில் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டோம். "அதுல மொதோ எழுத்தத் தட்டினாலே, முன்னாடி பார்த்ததெல்லாம் வரிசையா வந்து நிக்குதேப்பா" என்றார்.

நோயைப் பற்றித் தேடும்போது ஒரு பக்கம் தடுக்கப்பட்டதையும் சொன்னார். அறுவைக்குப் பின் தாம்பத்திய வாழ்வில் வரும் மாற்றங்களைப் பேசிய மருத்துவப் பக்கம் அது. 2000ஆம் ஆண்டின் சிறார் இணையப் பாதுகாப்புச் சட்டப்படி, இணைய இணைப்புக்குக் கூட்டரசின் கட்டணச் சலுகை பெறும் நூலகங்கள் தம் கணினிகளில் ஆபாசத்தைத் தடுக்கும் வடிப்பானைப் பொருத்தியாக வேண்டும். வடிப்பானுக்கு மருத்துவமும் ஆபாசமும் பல வேளைகளில் ஒன்றாகவே தெரியும். நூலகச் சங்கம் தொடுத்த வழக்கில், 2003 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றது. வயதுவந்தவர் கேட்டால் நூலகர் தடையை நீக்கலாம் என்பதையே அதற்கு முக்கியக் காரணமாகக் காட்டியது. அமர்ந்து தீர்ப்பெழுதுவோருக்குக் 'கேட்டால்' என்பது எளிய சொல். எழுபதை நெருங்கிய தஞ்சாவூர்க்காரர் ஒருவர், மகள் வயதுள்ள பெண்ணிடம் போய் இந்தப் பக்கத்தைத் திறந்துவிடுங்கள் என்று கேட்பது எளிதன்று. அப்பா இரண்டு நாள் கேட்காமலே திரும்பியிருக்கிறார். மூன்றாம் நாள் கேட்டிருக்கிறார். அந்த அம்மையார் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. தடையை நீக்கிவிட்டு, திரையைப் பார்க்காமல் தம் இருக்கைக்குத் திரும்பியிருக்கிறார்.

நாங்கள் நூலகத்துக்குப் போய் உளவு கேட்டதையும் அப்போது சொல்லிவிட்டோம். அப்பா சினந்துகொள்ளவில்லை. அந்தப் பெண் என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டார். சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்:

"தந்தி வந்தா நான் படிச்சுத்தானே ஆகணும்? சாவுச் சேதியும் வரும், பொண்ணு வீட்டைவிட்டுப் போன சேதியும் வரும். எழுதிக் குடுத்தப்புறம் அது என் மனசுல இருக்கப்படாது. கடைத்தெருவுல அவங்கள எதுக்க பார்த்தா ஒண்ணும் தெரியாதவன் மாதிரி நடக்கணும். அதத்தான் அந்தப் பொண்ணும் செஞ்சிருக்கு."

அவருடைய பயணத் தேதியை முன்னதாக மாற்றினோம். எங்களில் ஒருவர் உடன் சென்றோம். சென்னையில் அறுவை சிகிச்சை நடந்தது. நோய் பரவுவதற்குள் கண்டதால் 2014 வரை எங்களுடன் இருந்தார்.

* * *

இடையில், 2012ஆம் ஆண்டு விடுமுறையில், பயணச்சீட்டை அச்செடுக்க வேண்டி அப்பாவுடன் ஊரில் ஓர் இணைய நிலையத்துக்குப் போனோம். நுழைந்ததும் அடையாள அட்டையின் நகல் கேட்டார்கள். பெயர், முகவரி, தொலைபேசி, வந்த நேரம், போன நேரம் என்று கட்டமிட்ட நீள நோட்டு ஒன்று மேசைமேல் திறந்து கிடந்தது. எங்களுக்கு முன் வந்தவர்களின் விவரம் முழுவதையும் நின்ற இடத்திலிருந்தே படிக்க முடிந்தது. திரைகள் எல்லாம் நடைபாதையைப் பார்த்திருந்தன. கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. 2011ஆம் ஆண்டில் நடுவண் அரசு வெளியிட்ட விதிகள் அப்படி: அடையாளச் சான்று வேண்டும், பதிவேட்டையும் பார்க்கப்பட்ட தளங்களின் வரலாற்றையும் ஓராண்டு காக்க வேண்டும், தடுப்புகள் நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது. முகம் தெரியாத ஒருவன் பொதுக் கணினியிலிருந்து மிரட்டல் அனுப்பிவிட்டுப் போய்விடலாம் என்ற அச்சத்தில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த ஒருவனுக்காக, தன் நோயைப் பற்றிப் படிக்க வருகிறவர், வேறு வேலை தேடுகிறவர், கணவனின் அடிக்குச் சட்டத்தில் என்ன வழி என்று பார்க்க வருகிறவர் எல்லோருமே அந்த நீள நோட்டில் பெயரெழுதியாக வேண்டியிருந்தது.

நாங்கள் பெயரெழுதி முடித்ததும் அப்பா கையை நீட்டி அந்த நோட்டை மூடிவைத்தார். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர்.அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளை நூலகத் துறையினர் அனைவரும் அறிவர். அவற்றுள் எதுவும் வாசகனைப் பார்த்து இதைச் செய்யாதே என்று சொல்வதில்லை. நூலைப் பயன்படவிடுவது, வாசகனின் நேரத்தைக் காப்பது என்று நூலகத்தின் கடமைகளைத்தான் அவை வகுக்கின்றன. விதி என்றாலே நமக்கு விதிக்கப்படுவது என்று எண்ணிப் பழகியிருந்த எங்களுக்கு, மேசைமேல் ஒட்டப்படாத அந்த இன்னொரு வகை விதிகள் அப்பாவால்தான் அறிமுகமாயின. நண்பருக்கு எழுதிய மடலை விழுங்கியதும், அவருடைய அச்சத்தை எங்களிடமிருந்து காத்ததும் ஒரே விதிதான். முன்னதற்காக அதை நொந்துகொண்ட நாங்கள், பின்னதற்காக நன்றி சொல்ல அந்த நூலகரைத் தேடிப் போனபோது, அவர் பணி ஓய்வு பெற்றிருந்தார்.

இப்போது கையிலிருக்கும் பேசி நாம் தேடியதையெல்லாம் நினைவில் வைத்திருக்கிறது. எங்கள் ஊர் நூலகத்தில் இன்றும் அந்தக் கணினிகளில் ஆட்கள் அமர்ந்திருக்கிறார்கள். வேலைக்கு விண்ணப்பிப்போரும், படிவம் நிரப்புவோரும், யாரும் பார்க்கவில்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வோரும் உண்டு. அப்படி யாரேனும் திரும்பிப் பார்த்தால் நாங்கள் கையிலிருக்கும் புத்தகத்தில் கண்ணைப் புதைத்துக்கொள்கிறோம்.

உங்கள் ஊர் நூலகக் கணினிகளில் என்னென்ன விதிகள் இருந்தன, இருக்கின்றன என்று நண்பர்கள் எழுதினால் மகிழ்வோம்.